பற்றிக்ஸ் அரச பள்ளிக்கூடமோ, தனியார் பள்ளிக்கூடமோ? ஒரு புள்ளடிப் பிரச்சினை

#1 கொட்டடியான் (ரொறன்ரோ)

வணக்கம். சின்னக் கேள்வி ஒண்டு, ஆனா ரெண்டு நாளா மண்டையைக் குடையுது.

மகளின்ர வகுப்பிலை "அப்பா அம்மா படிச்ச பள்ளிக்கூடம்" எண்டு ஒரு வேலை குடுத்திருக்கினம். நிரப்பிறதுக்கு ஒரு தாளும் வந்திருக்கு. பள்ளியின்ர பேர், தொடங்கின ஆண்டு, அதுக்குக் கீழை ரெண்டு பெட்டி: அரச பள்ளி, தனியார் பள்ளி. ஒண்டுக்குப் புள்ளடி போடவேணும்.

பேர் சுகமாப் போச்சு. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி, எங்கட வாயிலை பற்றிக்ஸ். ஆண்டு 1850. புள்ளடியிலைதான் பேனை நிண்டிட்டுது. நான் படிக்கேக்கை வகுப்புக் காசு எண்டு ஒண்டும் கட்டேல்லை. பாடப்புத்தகம் அரசாங்கம் தந்தது. பரீட்சை அரசாங்கத்தின்ர. ஆனா அதிபர் பாதர், நிலமும் கட்டடமும் மேற்றிராசனத்தின்ர (கத்தோலிக்க மறைமாவட்டம்). அப்ப இது என்ன பள்ளிக்கூடம்?

"நீங்க படிச்ச இடம் உங்களுக்கே தெரியாதா அப்பா?" எண்டு கேட்டிட்டாள். பழைய ஆக்கள் விளக்குங்கோ. நீட்டிச் சொன்னாலும் பரவாயில்லை, வெளியிலை பனி கொட்டுது, வாசிக்க நேரமிருக்கு.

#2 றீகல் முன்வாங்கு (பாரிஸ்)

தனியார் எண்டு போடுங்கோ அண்ணை. அதுக்குத்தான் உங்கை மரியாதை. பிறைவேற் ஸ்கூல் எண்டவுடனை கோட்டு, தொப்பி, குதிரையோட்டம் எல்லாம் கற்பனை பண்ணுவாங்கள். நாங்கள் லைற் இல்லாத சைக்கிளிலை டபிள் போனது ஆருக்குத் தெரியும்.

#3 ஊர்காவற்றுறை ரீச்சர் (யாழ்ப்பாணம்)

தம்பி கொட்டடியான், நான் சரித்திரம் படிப்பிச்சு ஓய்வு பெற்றவள். உங்கட புள்ளடிக்கு வர முதல் கொஞ்சம் பின்னுக்குப் போகவேணும்.

1823 இலை அமெரிக்க மிசன்காரர் வட்டுக்கோட்டையிலை செமினரி தொடங்கினவை. இங்கிலீஷ், கணிதம், வானசாத்திரம், தமிழ் எல்லாம் அங்கை நல்ல தரத்திலை நடந்தது. அரசாங்க உத்தியோகத்துக்கு இங்கிலீஷ் வேணும், இங்கிலீஷுக்கு மிசன் வேணும். கத்தோலிக்கப் பெடியன் அங்கை போனால் புரட்டஸ்தாந்துக்காரனாத்தான் வீட்டை வருவான் எண்டு சுவாமிமாருக்குப் பயம். பயத்திலை நியாயமும் இருக்கு. ஒல்லாந்தர் காலத்திலை ஒளிச்சு ஒளிச்சுப் பூசை கண்ட சனம் இது. 1806 இலைதான் வெள்ளைக்காரன் கத்தோலிக்கர் மேலை இருந்த தடையளை எடுத்தவன். கையாலை காப்பாத்தின வேதத்தைப் படிப்பாலை விடுறதோ?

கத்தோலிக்க ஆயர் பெத்தக்கினி ஆண்டகை 1850 இலை பெடியளுக்கு ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் திறந்தது இந்தக் கணக்கிலைதான். முதல் பேர் யாழ்ப்பாண ஆண்கள் செமினரி. குருமடம் எண்டு நினைக்கவேண்டாம், அந்த நாளையிலை உயர்பள்ளிக்கூடத்துக்கு அப்பிடியும் பேர் வைக்கிறவை. பத்திரிசியார் எண்ட பேர் 1881 இலை வந்தது. அயர்லாந்துச் சுவாமிமாரின்ர வாசம் அது.

இனி புள்ளடி. அதைக் குழப்பிவிட்ட முதல் ஆள் பொஞ்சான் ஆண்டகை. பிரெஞ்சுக்காரர், முதல் கோயம்புத்தூர்ப் பக்கம் வேலை செய்தவர், பிறகு அமலமரித் தியாகிகள் சபையிலை சேர்ந்து யாழ்ப்பாணத்துக்கு வந்தவர். அரசாங்கம் சமயம் கலக்காத பொதுப் பள்ளிக்கூடம் நடத்தட்டும் எண்டு ஒரு பக்கம் சொல்ல, இவர் ஒத்துக்கொள்ளேல்லை. அந்தந்தச் சமயம் அந்தந்தப் பள்ளிக்கூடம் நடத்தட்டும், வாசிப்பு, எழுத்து, கணக்குக்கு அரசாங்கம் காசு தரட்டும் எண்டு எழுதி எழுதி வாதாடினவர். 1869 இலை பொதுப் போதனைத் திணைக்களம் வந்தது, அதோடை இந்த உதவி நன்கொடை முறையும் வந்தது.

அந்தக் காசு சும்மா வாறதில்லை. இன்ஸ்பெக்டர் வருசத்துக்கொருக்கால் வந்து பிள்ளையளை வாசிக்கச் சொல்லி, சொல்லெழுதச் சொல்லி, கணக்குக் குடுத்துப் பாப்பார். எத்தினை பேர் சித்தியோ அத்தினைக்குக் காசு. ஆகவே எந்தப் பாடத்துக்குக் காசு வருதோ அந்தப் பாடம்தான் நேரசூசியிலை காலமை இருக்கும். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு ஒரு விகிதம், தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அதிலும் குறைஞ்ச விகிதம். பட்டினத்திலை கல்லூரி, தீவிலையும் கரையோரத்திலையும் றோ.க.த.க. பாடசாலை. ஒரே மேற்றிராசனத்துக்குள்ளை ரெண்டு உலகம் அப்பவே தொடங்கிட்டுது.

(றோ.க.த.க. எண்டால் றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன். இளசுகளுக்காகச் சொல்லுறன்.)

#4 நல்லூர் மேற்கு (லண்டன்)

ரீச்சர், நான் பற்றிக்ஸ் இல்லை, யாழ் இந்து. ஆனா ஒரு விசயம் விட்டிட்டியள். இதே மதமாற்றப் பயத்திலைதான் நாவலர் 1848 இலை வண்ணார்பண்ணையிலை சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கினவர். அதாவது பெத்தக்கினி ஆண்டகையும் நாவலரும் ரெண்டு வருச வித்தியாசத்திலை ஒரே எதிரிக்கு ஒரே மருந்து கண்டுபிடிச்சிருக்கினம். ரெண்டு பேருக்கும் இதைச் சொன்னால் கோவம் வந்திருக்கும்.

பொஞ்சான் வெட்டின வாய்க்காலிலை பிறகு சைவப் பள்ளிக்கூடங்களும் தண்ணி வாங்கினது உண்மை. அந்தந்தச் சமயம் அந்தந்தப் பள்ளிக்கூடம் எண்ட நியாயம் கத்தோலிக்கருக்கு மட்டும் செல்லுமோ? ஆனா வாசலிலை முந்தி நிண்டவை மிசன்காரர்தான். நாவலரின்ர பள்ளிக்கூடம் மானியத்துக்காகக் கனகாலம் காத்திருந்தது.

#5 கரையோரம் (மன்னார்)

நல்ல சரித்திரம். ஆனா இதிலை ஆர் வாங்கிலை இருந்தவை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே.

எந்தப் பள்ளிக்கூடம் எண்டு பேர் சொல்லேல்லை, சொல்லவும் மாட்டன். எங்கட அப்பு ஒரு மிசன் பள்ளிக்கூடத்திலை ரெண்டு வருசம் படிச்சவர். வாங்கு இருந்தது, சாதியாலை அவருக்கு இல்லை. நிலத்திலை இருந்து, சிலேட்டை முழங்காலிலை வைச்சு எழுதினவர். வயசு போனாப் பிறகும் கதிரை கிடக்கக்கிடக்க நிலத்திலை குந்திக்கொண்டுதான் எழுதுவார். கடிதம் எழுதினாலும் முழங்கால்தான் மேசை.

1929, 30 அளவிலை அரசாங்கம் உதவி பெறுகிற பள்ளிக்கூடங்களிலை எல்லாருக்கும் சம ஆசனம் குடுக்கவேணும் எண்டு உத்தரவு போட்டது. அதுக்கு யாழ்ப்பாணத்திலை என்ன எதிர்ப்பு நடந்தது, பள்ளிக்கூடங்கள் எரிஞ்சது எல்லாம் தெரிஞ்ச கதை. நான் சொல்லவாறது வேறை. அந்த உத்தரவுக்கு ஒரு பிடி இருந்தது எண்டால், அது இந்த மானியம்தான். வேதபுத்தகத்தாலை முடியாததைக் காசு நிப்பாட்டுவம் எண்ட ஒரு சுற்றறிக்கை செய்யப் பாத்தது. அதாலை அரசாங்கத்தின்ர கை பள்ளிக்கூடத்துக்குள்ளை வந்ததை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டன்.

#6 திருச்சிக்காரன் (திருச்சி)

இழை சுவாரசியமா போகுது, தமிழ்நாட்டுக்காரன் ஒருத்தன் குறுக்கே வரலாமா? உங்க பற்றிக்ஸ்ல படிச்சவர்தானே தனிநாயகம் அடிகள்? எங்க அப்பா வடக்கன்குளம் பக்கம். அங்க புனித தெரேசா பள்ளியில அடிகள் 1940 முதல் 45 வரைக்கும் வேலை பார்த்தார்னு பெருமையா சொல்லுவாங்க. அங்கதான் ஒரு பண்டிதர்கிட்ட உட்கார்ந்து முறையா தமிழ் படிச்சாராம். அப்புறம்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகம்.

எனக்குப் புரியாதது இதுதான். யாழ்ப்பாணத்துத் தமிழர், யாழ்ப்பாணத்துக் கல்லூரி. அங்க தமிழ் படிக்காம ஏன் எங்க ஊருக்கு வந்து படிக்கணும்?

#7 ஊர்காவற்றுறை ரீச்சர் (யாழ்ப்பாணம்)

தம்பி, நீங்கள் தொட்டது எங்கட பக்கத்து ஆளை. அடிகள் 1913 இலை கரம்பனிலை பிறந்தவர். எங்கட ஊர் அந்தோனியார் கல்லூரி, பிறகு பற்றிக்ஸ். குருவாகி உரோமையிலை படிச்சு, தூத்துக்குடி மறைமாவட்டத்துக்கு வந்தவர்.

உங்கட கேள்விக்குப் பதில் அந்த நாளைய நேரசூசியிலை இருக்கு. 1880 தொடக்கம் இலங்கையிலை கேம்பிரிட்ஜ் பரீட்சை நடந்தது, பிறகு லண்டன் பல்கலைக்கழகத்தின்ர மற்றிக்குலேசன் பரீட்சை. இங்கிலீஷ் கல்லூரி எண்டால் அதுதான் இலக்கு. இங்கிலீஷ் இலக்கியம், லத்தீன், கணிதம், இங்கிலாந்துச் சரித்திரம். தேம்ஸ் நதி எங்கை ஓடுது எண்டு தெரியும், எங்கட யாழ்ப்பாணத்து வழுக்கியாறு எங்கை ஓடுது எண்டு தெரியாது. தமிழ் வீட்டுப் பாசை. பல கல்லூரியளிலை இடைவேளைக்குள்ளையும் தமிழ் கதைச்சால் குற்றம்.

அப்பிடி வளந்த ஒருத்தர், தமிழைப் பிந்திப் படிச்சு, 1966 இலை கோலாலம்பூரிலை முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை நடத்திக் காட்டினவர். இதைக் கல்லூரியின்ர பெருமை எண்டு எழுதுகினம். பெருமைதான். ஆனா கல்லூரி குடுக்காததைத் தேடிப் போனதாலை வந்த பெருமை எண்டும் எழுதவேணும். அந்த லத்தீனும் இங்கிலீஷும் இல்லையெண்டால் உலகத்துக்குத் தமிழைச் சொல்ல அவராலை ஏலாது எண்டு வாதாட வாறவையும் இருக்கினம். வாங்கோ, வாதாடுவம்.

#8 பழைய போடிங் (மெல்பேண்)

அன்பின் நண்பர்களுக்கு, எனக்கு எண்பது வயது. தட்டச்சு மெதுவாகத்தான் வரும். நான் விடுதியில் தங்கிப் படித்தவன் என்பதால் பேசுகிறேன்.

ரெக்டர் லோங் அடிகளை நான் நேரில் கண்டதில்லை. அவர் 1936 முதல் 1954 வரை ரெக்டராக இருந்தார். ஆனால் நாங்கள் போன காலத்திலும் மூத்த ஆசிரியர்கள் "லோங் காலத்தில்" என்றுதான் ஒவ்வொரு வசனத்தையும் தொடங்குவார்கள். யாழ்ப்பாணப் பொதுநூலகத்துக்காக ஓடித்திரிந்தவர்களில் அவர் முக்கியமானவர். நூலக வாசலில் அவருக்குச் சிலை வைத்தது அதற்காகத்தான். ஒரு பாடசாலைத் தலைவர் தன் மதிலுக்கு வெளியே ஊருக்கொரு நூலகம் வேண்டும் என்று நினைத்ததை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இனி 1960. கொட்டடியான் கேட்ட புள்ளடியின் உண்மையான விடை அந்த ஆண்டில் இருக்கிறது.

1945 இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தபோது கத்தோலிக்கப் பாடசாலைகள் பல உடனே சேரவில்லை. கட்டணத்தை விட்டால் ஆசிரியருக்கு எதைக் கொடுப்பது என்ற கவலை. பின்னர் சேர்ந்தார்கள், சம்பளத்தை அரசாங்கம் ஏற்றது. 1960 வரை அப்படிப் போயிற்று. பிறகு சிறிமாவோ அரசாங்கம், பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சர். உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் சட்டம். பெரிய பாடசாலைகளுக்கு மட்டும் ஒரு வழி விட்டார்கள்: விரும்பினால் உங்கள் பாடசாலையை நீங்களே வைத்திருக்கலாம், ஆனால் படிப்புக்குக் கட்டணம் வாங்கக்கூடாது, அரசாங்கமும் ஒரு சதம் தராது.

யோசித்துப் பாருங்கள். ஒரு கையைக் கட்டி, மற்றக் கையையும் கட்டி, நீந்து என்கிறார்கள்.

தெற்கில் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து இரவும் பகலும் தங்கியிருந்து எதிர்ப்புக் காட்டினார்கள். பம்பாயிலிருந்து கர்தினால் கிராசியஸ் வந்து பேசிய பிறகுதான், 1961 ஜனவரியில், அது ஓய்ந்தது. யாழ்ப்பாணத்தில் இந்தக் கதையை ஆறுதலாகப் பேசவும் நேரமிருக்கவில்லை. பெப்ரவரியில் கச்சேரி (மாவட்ட அரச செயலகம்) வாசலில் தமிழ்மொழி உரிமைக்கான சத்தியாக்கிரகம் தொடங்கிவிட்டது.

பற்றிக்ஸ் தன்னைத் தானே வைத்துக்கொள்ளும் வழியைத் தெரிந்தெடுத்தது. பரியோவான் கல்லூரியும் யாழ்ப்பாணக் கல்லூரியும் அப்படியே. அந்த நாட்களை நான் ஒரு சிறிய காட்சியாகத்தான் வைத்திருக்கிறேன். மாதக் கடைசியில் வீட்டுக்கு வரும் ஒரு மாஸ்ரர், அம்மா கொடுத்த கோப்பியைக் குடித்துவிட்டு, எழும்பும் நேரத்தில், "இந்த மாதம் முழுச் சம்பளம் இல்லை, பாதி எடுத்தம்" என்று அப்பாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். என் பெயரை இனிப்புக் கொடுத்துக் கூப்பிடுபவர். மறுநாள் வகுப்பில் கேத்திரகணிதம் வழக்கம்போலவே நடந்தது. அரச பாடசாலைக்குப் போயிருந்தால் முழுச் சம்பளமும் ஓய்வூதியமும் கிடைத்திருக்கும். பலர் போனார்கள், போனவர்களை நான் பிழை சொல்லமாட்டேன்.

#9 கரையோரம் (மன்னார்)

ஐயா, நீங்கள் எழுதினதை வாசிக்க மனசு உருகுது. ஆனா மதிலுக்கு மற்றப் பக்கத்தையும் சொல்லவேணும்.

பெரிய கல்லூரியளுக்கு வழி விட்டவை. சின்னப் பள்ளிக்கூடங்களுக்கு வழியே இல்லை, எல்லாம் போனது. 1961 இலை இன்னொரு சட்டம் போட்டு நிலம், கட்டடத்தையும் முடிக்கு, அதாவது அரசுக்கு, சொந்தமாக்கினவை. எங்கட ஊர்ப் பள்ளிக்கூடமும் அப்பிடித்தான். அதாலை என்ன நடந்தது? பயிற்றப்பட்ட ஆசிரியர் வந்தினம். மாதாமாதம் சம்பளம் வந்தது. பங்குச் சுவாமியின்ர முகத்தைப் பாத்து வேலை எடுக்கத் தேவையில்லாமல் போச்சு. எங்கட மாமி படிப்பிக்கப் போனது அந்தக் கதவாலைதான்.

எனக்கு 1960 ஒரு இழப்பு இல்லை. சபைக்கு இழப்பு. ரெண்டும் ஒண்டில்லை.

#10 பழைய போடிங் (மெல்பேண்)

தம்பி கரையோரம், நீங்கள் சொல்வது சரி. அந்தக் காலத்தில் எனக்கு இது விளங்கவில்லை, என் வீட்டாருக்கும் விளங்கவில்லை. ஆனால் இதையும் கேட்கிறேன்: அதே அரசாங்கம் 1961 இல் சிங்களம் மட்டும் சட்டத்தை அலுவலகங்களில் நடைமுறைப்படுத்திக்கொண்டிருந்தது. நாட்டிலுள்ள எல்லாப் பாடசாலைகளும் அப்படிப்பட்ட ஒரே கைக்குள் போவது நல்லதா? சிலவாவது வெளியே இருக்கவேண்டாமா?

#11 கரையோரம் (மன்னார்)

அதுக்கு என்னட்டைப் பதில் இல்லை ஐயா.

#12 திருச்சிக்காரன் (திருச்சி)

இத படிச்சா எங்க ஊரு கதை எவ்வளவு வேறன்னு தெரியுது. இந்திய அரசியலமைப்புல 30-ஆவது பிரிவு இருக்கு, சிறுபான்மையினர் பள்ளி நடத்துற உரிமை. எங்க ஆர்.சி. பள்ளிக்கூடங்கள்ல பழைய உதவிபெறும் பள்ளின்னா வாத்தியார் சம்பளம் அரசாங்கம், நிர்வாகம் மறைமாவட்டம். யாரும் எடுத்துக்கல. கத்தோலிக்கப் பிள்ளைங்க ஞானோபதேசத்துக்குப் போவாங்க, நாங்க அதே நேரத்துல நன்னெறி வகுப்புல உட்கார்ந்து வெளிய பார்த்துட்டிருப்போம். கொட்டடியான் அண்ணன் திருச்சியில படிச்சிருந்தா பேனா இவ்வளவு நேரம் நின்னிருக்காது, உதவிபெறும் பள்ளின்னு எழுதிட்டுப் போயிருப்பார்.

#13 றீகல் முன்வாங்கு (பாரிஸ்)

ஆனா அந்தத் தாளிலை மூண்டாவது பெட்டி இல்லையே ராசா.

இவ்வளவு பேரும் கதைச்சும் ஒருத்தரும் பொன் அணிகளின் போரைப் பற்றி ஒரு வரி எழுதேல்லை. யாழ்ப்பாணக் கல்லூரியோடை மட்ச் எண்டால் அந்தக் கிழமை பாடமே இல்லை. அதுவும் ஒரு கல்வித் திட்டம்தான். ஆர் அதிகம் வெண்டது எண்டு…

#14 மட்டுறுத்துனர்

கிரிக்கெட்டுக்குத் தனி இழை இருக்கிறது. அங்கே ஏற்கனவே 40 பக்கம் சண்டை பிடித்திருக்கிறீர்கள். இங்கே வேண்டாம்.

#15 விஞ்ஞானப்பக்கம் (ஒஸ்லோ)

70 களைப் பற்றி நான் சொல்லுறன். அப்ப தமிழ்மொழி மூலம் முழுசா வந்திட்டுது. 45 க்குப் பிறகு கீழ் வகுப்பிலை தொடங்கி, 53 தொடக்கம் ஆறாம் வகுப்பாலை மேலை மேலை ஏறி வந்த மாற்றம். லத்தீன் போச்சு. பௌதிகம், இரசாயனம், உயிரியல், பிரயோக கணிதம், இதுதான் யாழ்ப்பாணத்தின்ர புது வேதம். கலைப் பக்கம் போறவனைச் சாவீட்டுக்குப் போறவன் மாதிரிப் பாத்தவை.

72 இலை புதுப் பாடத்திட்டம். ஜி.சி.ஈ. சாதாரணதரத்தை எடுத்துப்போட்டு ஒன்பதாம் வகுப்பிலை தேசிய கல்விப் பொதுத் தராதரம் எண்டு ஒண்டு வைச்சவை. தொழில்முன்னிலைப் பாடம் எண்டு ஒரு பாடம் கட்டாயம். அந்தந்த ஊர்த் தொழிலைப் பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கிற எண்ணம். நான் அப்ப பற்றிக்ஸ் இல்லை, கரையோரத்திலை ஒரு சின்னப் பள்ளிக்கூடம். எங்களுக்கு மீன்பிடி. படிப்பிக்க வந்த மாஸ்ரருக்குக் கடல் எண்டால் சத்தி. புத்தகத்தைப் பாத்து வலைக்கண் அளவு, தங்கூசி எண்டு கரும்பலகையிலை எழுதுவார். பின்வாங்கிலை இருந்த ஒருத்தன் விடியப்புறம் தேப்பனோடை கடலுக்குப் போட்டு வந்து நித்திரை தூங்கிக்கொண்டிருப்பான். ஒருநாள் மாஸ்ரர் அவனை எழுப்பி, வலை பொத்தல் போனால் எப்பிடிச் சரிக்கட்டுறது எண்டு கேட்டார். அவன் ஒண்டும் கதைக்கேல்லை. வந்து மாஸ்ரரின்ர கையிலை இருந்த நூலை வாங்கி, ஒரு அடிமட்டத்தை அளவுக்குப் பிடிச்சு, ரெண்டு நிமிசத்திலை பத்துக் கண் பின்னிக் காட்டிப்போட்டு, போய் திரும்பப் படுத்திட்டான். எழுத்துப் பரீட்சையிலை அந்தப் பாடத்திலை அவன் பெயில்.

திட்டம் பிழையில்லை எண்டுதான் இப்பவும் நினைக்கிறன். ஆனா தன்ர மகன் திரும்ப வலை பின்னவேணும் எண்டு எந்தத் தேப்பன் பள்ளிக்கூடம் அனுப்பினவன்? 77 இலை ஆட்சி மாற, பழையபடி ஜி.சி.ஈ. வந்தது.

அதே காலத்திலைதான் பல்கலைக்கழக அனுமதியிலை தரப்படுத்தல். 1970 இலை பேராதனை மருத்துவத்துக்குச் சிங்கள மாணவருக்கு 400 இலை 229 காணும், தமிழ் மாணவருக்கு 250 வேணும். அந்த 21 புள்ளியாலை எங்கட பள்ளிக்கூடங்கள் எல்லாம் உருமாறினது. சங்கீதம், நாடகம், விவாதம் எல்லாம் வீண் எண்ட எண்ணம் வந்தது. ரியூட்டரி, அதுதான் தனியார் ரியூசன் வகுப்பு, முளைச்சது. காலமை கொலிஜ், பின்னேரம் ரியூட்டரி, எதிலை படிச்சனீ எண்டு கேட்டால் ரியூட்டரி மாஸ்ரரின்ர பேரைச் சொல்லுற காலம் வந்தது.

#16 ஜாம்போத்தல் (வவுனியா)

நான் 90 களிலை உயர்தரம். நீங்கள் பாடத்திட்டம் பற்றிக் கதைக்கிறியள், நாங்கள் மண்ணெண்ணெய் பற்றிக் கதைப்பம்.

90 இலை சண்டையாலை கரண்ட் போனது. மண்ணெண்ணெய் தடை, ஒரு போத்தல் விலையைச் சொன்னால் நம்பமாட்டியள். ஜாம் போத்தலுக்குள்ளை பஞ்சைப் போட்டு, கொஞ்சமா எண்ணெய் விட்டு நனைச்சு, சைக்கிள் வால்வுக் கட்டைக்குள்ளாலை நூல் திரி விட்டு எரிக்கிறது. காத்துக்கு நூராது, எண்ணெய் சிந்தாது, ஒரு கை எண்ணெய் ஒரு இரவுக்குக் காணும். அந்த வெளிச்சத்திலை கரிமச் சேர்வையளின்ர கட்டமைப்புக் கீறினால் அறுகோணம் எல்லாம் ஐங்கோணமாத் தெரியும். காலமை மூக்கைச் சிந்தினால் கறுப்பு.

அப்ப பள்ளிக்கூடம் தனியாரோ அரசோ எண்டு ஆரும் கேக்கேல்லை. பங்கர் எந்தப் பக்கம் எண்டுதான் கேட்டம். 93 கார்த்திகை 13 இலை குருநகர் யாகப்பர் கோயிலுக்குக் குண்டு போட்டவை. எங்களுக்குக் கூப்பிடு தூரம். 95 ஐப்பசி 30 இலை முழு ஊரும் ஒரே ரோட்டாலை வெளிக்கிட்டது. நான் காவினது ரெண்டு பை. ஒண்டிலை உடுப்பு, மற்றதிலை பிரயோக கணிதக் கொப்பியள். அம்மா அரிசியைக் குறைச்சுக் கொப்பிக்கு இடம் விட்டவ. தென்மராட்சியிலை ஒரு மரத்துக்குக் கீழை திரும்ப வகுப்புத் தொடங்கினது, கரும்பலகை இல்லை, தகரக் கதவிலை சோக்கட்டியாலை எழுதினவை.

மேலை ஐயா லோங் அடிகளைப் பற்றி எழுதினவர். அதோடை ஒண்டைச் சேர்க்கிறன். 81 இலை அந்த யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிஞ்ச இரவு, தாவீது அடிகள் அந்த நெருப்பைப் பாத்த அதிர்ச்சியிலையே உயிரை விட்டவர். பன்மொழி தெரிஞ்ச தமிழறிஞர். 97,000 வரையிலான புத்தகம் போன இரவிலை அவரும் போனார். பிறகு 2009 வைகாசியிலை, போர் முடிஞ்ச நேரம், ஒருகாலம் எங்கட கல்லூரி அதிபரா இருந்த பிரான்சிஸ் யோசப் அடிகள் சரணடைஞ்ச சனத்தோடை வட்டுவாகலிலை போனவர். இண்டைக்கு வரை தகவல் இல்லை.

#17 நல்லூர் மேற்கு (லண்டன்)

இதுக்குப் பிறகு என்னத்தை எழுதுறது. யாழ் இந்துக்காரன் ஒருத்தன் எழும்பி நிக்கிறன் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.

#18 சோக்கட்டி (யாழ்ப்பாணம்)

நான் இப்ப படிப்பிச்சுக்கொண்டிருக்கிறவன், எந்தப் பள்ளிக்கூடம் எண்டு கேக்காதேங்கோ. கொட்டடியான் அண்ணைக்கு நேரடிப் பதில்: திணைக்களக் கடதாசியிலை இப்பிடிப்பட்ட பள்ளிக்கூடங்களுக்கு ஒரு தனி வகை இருக்கு. அரச உதவி பெறும், கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலை. 60 இலை நிப்பாட்டின சம்பளத்தைப் பிறகு வந்த ஆட்சி திரும்பக் குடுக்கத் தொடங்கினது. பாடத்திட்டம் அரசு, பரீட்சை அரசு, சம்பளம் அரசு, நிர்வாகம் திருச்சபை. சுத்திச் சுத்தி 1869 க்கே வந்து நிக்கிறம், இன்ஸ்பெக்டர் மட்டும் சொல்லெழுதச் சொல்லேல்லை.

ஒரு கணக்கிலை நேரசூசியும் சுத்தித்தான் வருது. 2001 இலை உயர்தர விஞ்ஞானத்துக்கும், அடுத்த வருசம் ஆறாம் தரத்துக்கும் திரும்ப ஆங்கில மொழிமூலம் வந்தது. ரீச்சர் சொன்ன தேம்ஸ் நதி திரும்பி வந்திட்டுது எண்டு பயப்பிடவேண்டாம், இப்ப பெடியளுக்கு ரெண்டு ஆறும் தெரியாது, போன் தெரியும். 2013 இலை உயர்தரத்திலை தொழில்நுட்பப் பிரிவு. விஞ்ஞானப்பக்கம் அண்ணையின்ர மீன்பிடிப் பாடத்தின்ர பேரன் எண்டு சொல்லலாம். இந்த முறை பேர் நல்லா இருக்கிறதாலை தேப்பன்மார் விடுகினம்.

சமயம் மட்டும் பழையபடி. மணி அடிக்க வகுப்பு ரெண்டாப் பிரியும், ஒரு பக்கம் கத்தோலிக்க திருமறை, மற்றப் பக்கம் சைவநெறி. ஒருத்தன் பிழையான அறைக்குள்ளை போய் அரை மணித்தியாலம் இருந்திட்டு வந்து, "சேர், ரெண்டிலையும் பொய் சொல்லக்கூடாதாம்" எண்டான்.

#19 ஊர்காவற்றுறை ரீச்சர் (யாழ்ப்பாணம்)

அவனுக்கு நூற்றுக்கு நூறு போடுங்கோ தம்பி.

கரையோரம், உங்களுக்கு ஒரு சின்ன விசயம். அரசாங்கம் எடுத்து 60 வருசம் தாண்டியும் பல பள்ளிக்கூடங்களின்ர பலகையிலை இன்னும் அந்த எழுத்து இருக்கு. முன்னுக்கு யா/, பின்னுக்கு றோ.க.த.க. பாடசாலை. யா/ அரசாங்கத்தின்ர, றோ.க. சபையின்ர. பலகையைப் புதுசாப் பூசேக்கையும் அழிக்கேல்லை. ஆர் வேண்டாம் எண்டது எண்டு கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது.

#20 கொட்டடியான் (ரொறன்ரோ)

எல்லாருக்கும் நன்றி. மகளுக்கு இதிலை பாதியை வாசிச்சுக் காட்டினன், ஜாம் போத்தல் பகுதியிலை நிப்பாட்டச் சொல்லி, அது எப்பிடி எரியும் எண்டு கேட்டாள். நேற்றுக் குசினியிலை ஒண்டு செய்து பாத்தம். வால்வுக் கட்டை கிடைக்கேல்லை, பேனை மூடியை வெட்டினம். புகை மணி அடிச்சு, மனுசி வந்து…

புள்ளடி: ரெண்டு பெட்டிக்கும் போட்டிட்டாள். ரீச்சர் திருப்பி அனுப்பியிருக்கிறா, ஒண்டு மட்டும் போடவேணுமாம்.

#21 றீகல் முன்வாங்கு (பாரிஸ்)

இந்த இழையை இங்கிலீஷிலை மாத்தி அந்த ரீச்சருக்கு அனுப்புங்கோ. கிரிக்கெட்டை விட்டிட்டு.

#22 பழைய போடிங் (மெல்பேண்)

யாரிடமாவது 1961 விடுதிப் படம் இருக்கிறதா? இரண்டாவது வரிசையில், கோப்பி குடித்த அந்த மாஸ்ரர் நிற்பார். என்னுடையது 95 இல் வீட்டோடு போய்விட்டது.

#23 நல்லூர் மேற்கு (லண்டன்)

ஐயா, என்ர மச்சானின்ர தேப்பன் அந்தக் காலத்துப் போடிங்தான். ஞாயிற்றுக்கிழமை போய் ட்ரங்குப் பெட்டியைத் திறந்து பாத்திட்டுச் சொல்லுறன்.